சேதத்துக்கான காரணம்

வோரு நகர நூலகத்தில், தமுலா ஏரி தெரியும் சன்னலுக்குக் கீழே
'குடும்பம், பெற்றோர்' என்று சீட்டு ஒட்டிய தட்டு.
முழங்கால் உயரம்தான். குந்தி உட்கார்ந்துதான் அடுக்க வேண்டும்.
டிசம்பரில் மூன்றரைக்கே விளக்குப் போட்டுவிடுவோம்.

அங்கே முள்ளெலிக் குடும்பத்துக் கதை இரண்டு பிரதிகள்.
பதினோராம் பக்கத்தில் அப்பா முள்ளெலி
பெட்டியோடு வேலி தாண்டிப் போகிறது.
பன்னிரண்டிலிருந்து கஞ்சிக் கிண்ணம் மூன்று.
ஏன் போனது என்று எழுதியவர் சொல்லவில்லை.
பெட்டிக்குள் என்ன என்று வரைந்தவரும் காட்டவில்லை.

ஆண் முள்ளெலி குட்டிகளின் முகமே பார்ப்பதில்லையாம்.
மாடியில் விலங்கியல் அலமாரி அப்படித்தான் சொல்கிறது.
பிள்ளைகள் மாடிக்கு ஏறுவதில்லை.

முதல் பிரதி திங்கட்கிழமை வந்தது, கையுறை ஈரத்தோடு.
பன்னிரண்டாம் பக்கத்தில் நான்காவதாக ஒரு கிண்ணம், ஊதா மெழுகு வண்ணத்தில்.
அடுத்த பக்கத்தில் மேசைக்கடியில் இரண்டு பெரிய கால்கள்.
பதினாறில் குளிர்கால உறக்கம்.
சருகுக்குள் மூன்று பேர் சுருண்டிருக்க
பக்கத்தில் ஓர் ஊதா உருண்டை,
இடம் போதாமல் பாதி உடம்பு தாளுக்கு வெளியே.
முள்ளை மட்டும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் போட்டிருந்தது அந்தக் கை.
எண்ணினேன். நாற்பத்தொன்று.
தாவெத், ஆறு வயது.

இரண்டாவது வியாழக்கிழமை.
புரட்டியபோது சுத்தமாகத்தான் தெரிந்தது.
மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது, திருத்தும் வெள்ளை மையின் நெடியை.
முதல் பக்கம் தொடங்கி
அப்பா இருந்த இடமெல்லாம் வெள்ளை.
கோபம் இல்லை, கிறுக்கல் இல்லை, ஓரம் பிசகாத வேலை.
குடை அந்தரத்தில் நிற்கிறது.
ஊஞ்சலை யாரும் தள்ளவில்லை, ஆனாலும் உயரத்தில் இருக்கிறது.
சின்னக் குட்டி காற்றின் தோளில் உட்கார்ந்து
ஆப்பிள் பறிக்கிறது.
பதினோராம் பக்கத்தில்
பெட்டி மட்டும் தனியாக வேலி தாண்டுகிறது.
மிர்தெல், ஒன்பது வயது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: சேதத்துக்கான காரணம்.
தண்ணீர், நாய், உணவு, மற்றவை.
இரண்டுக்கும் மற்றவை என்று போட்டேன்.
ஒருவனுக்கு ஆள் குறைந்திருந்தது,
ஒருத்திக்கு மிஞ்சியிருந்தது
என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

மிர்தெலின் அம்மா வந்தாள்,
பால் ஆலைச் சீருடைக்கு மேல் கோட்டு, பூட்ஸில் உப்புக் கறை.
அபராதம் பதினான்கு யூரோ என்றேன்.
உட்காரச் சொன்னேன். நின்றபடியே பிரித்தாள்.
வெள்ளைத் திட்டுகளை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் போனாள்,
ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவள்போல.
மகளைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.
மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்து, பரவாயில்லை என்ற சொல்லை
நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.

ஏழாம் பக்கத்தில் நின்றாள்.
"இங்கே ஒரு காது விட்டுப்போயிருக்கிறது" என்றாள்.

எட்டிப் பார்த்தேன்.
குட்டி ரகசியம் சொல்லும் பக்கம் அது.
வெட்டவெளியில் ஒரே ஒரு காது.
அதன்மேல் குவித்த வாய்.

சில்லறையாக எண்ணி வைத்தாள். கடைசி ஐம்பது சென்ட்டுக்குக்
கோட்டுப் பையைத் துழாவ வேண்டியிருந்தது.
"காசு கட்டிவிட்டேனே, இனி இது எங்களுடையதுதானே?"
ஆமாம் என்றேன். விதி அப்படித்தான்.
நூலக முத்திரையின்மேல் ரத்து என்று குத்திக் கொடுத்தேன்.

தாவெத்தின் பிரதியையும் கழித்துக்கட்டச் சொல்லித்தான்
ஹெல்வே குறிப்பு அனுப்பியிருந்தாள்.
குறிப்பை இன்னும் நான் பார்க்கவில்லை
என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரிக்குள் ஆறு முறை வெளியே போய் வந்துவிட்டது அந்தப் புத்தகம்.
நேற்று வந்தபோது பார்த்தேன்.
ஊதாக் கிண்ணத்துக்கு மேலே
பென்சிலால் மூன்று வளைகோடுகள்.
ஆவி.
நடுங்காத கோடு, வளர்ந்த ஆள் ஒருவருடைய கை.

யார் எடுத்துப் போனது என்று கணினியில் தேடவில்லை.
குந்தி உட்கார்ந்து
அதன் இடத்தில் வைத்தேன்.